நஷ்டத்துக்குப் பயமா, பதில் சொல்லப் பயமா? தொழிலில் பெரிய அடி எடுத்துவைக்க நினைக்கும் பெண்களுக்கு, கடலூரிலிருந்து

"அஞ்சு லட்சம் வரைக்கும் தர்றேன்னாங்க அக்கா. நான்தான் ரெண்டு போதும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

திருவந்திபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. மரச்செக்கு வைப்பது அவள் திட்டம். செக்கு, மும்முனை மின் இணைப்பு, எள்ளும் கடலையும் வாங்கி வைக்க முதல், கடைக்கு அட்வான்ஸ், எல்லாம் சேர்த்து நாலே முக்கால் லட்சம் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கில் பிழை இல்லை. ஆனால் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்ததும் வாய் தானாக 'ரெண்டு' என்றுவிட்டது. ரெண்டு லட்சத்தில் செக்கு வந்தது. ஆட்டுவதற்கு எள் வாங்கக் காசில்லை. நாலு மாதம் செக்கு சும்மா நின்றது. தவணை மட்டும் மாதாமாதம் போனது.

"அகலக்கால் வைக்காதே", "பொம்பளப் பிள்ளை பார்த்து நடந்துக்கணும்" என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, நம் அம்மாவும் பாட்டியும்தான். அவர்கள் காலத்தில் தடுக்கி விழுந்த பெண்ணைத் தூக்கிவிட யாரும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாடம் தொழிலுக்குள் வரும்போது, குறைத்துக் கேட்பதையும் குறைத்து விற்பதையும் பாதுகாப்பு என்று நம்ப வைத்துவிடுகிறது. செக்கு வைத்த பெண்ணுக்கு அந்தப் 'பாதுகாப்பு'தான் ஆபத்தாக முடிந்தது.

நான் திருப்பாதிரிப்புலியூரில் மிளகு முந்திரியும் காரமுந்திரியும் பாக்கெட் போட்டு விற்கிறேன். பண்ருட்டிப் பக்கம் பருப்பு வாங்கி, வீட்டுத் திண்ணையில் தொடங்கிய வேலை. இந்தப் பல வருடங்களில் நான் தப்பாகச் செய்து கற்றவற்றையும், குழுக்களில் மற்ற பெண்கள் செய்யப் பார்த்தவற்றையும் வரிசைப்படுத்தி எழுதுகிறேன். ஏற்கெனவே சிறிதாக ஏதோ செய்துகொண்டிருப்பவர்களுக்கும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களுக்கும் உதவும்.

முதல் படி: பயத்தை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் 'பணம்', வலது பக்கம் 'பதில்'. செய்ய நினைக்கும் காரியம் கவிழ்ந்தால் என்னென்ன ஆகும் என்று மனதில் தோன்றுவதையெல்லாம் எழுதுங்கள். "அட்வான்ஸ் 30,000 திரும்ப வராது" என்பது இடது பக்கம். "மாமியார் அன்னிக்கே சொன்னேனேன்னு சொல்வாங்க" என்பது வலது பக்கம். "தவணை தவறும்" இடது. "தங்கச்சி கல்யாணத்துல எல்லாரும் அதையே கேட்பாங்க" வலது.

நான் பார்த்தவரை, எழுதும் பெண்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் வலது பக்கம்தான் நீளமாக வருகிறது. எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆண்கள் நஷ்டப்பட்டால் "தொழில்னா அப்படித்தான்" என்று ஊர் சொல்லிவிட்டுப் போகும். நமக்கு நஷ்டம் வந்தால் அது குணத்தின் குறையாகிவிடும்: அடக்கம் இல்லாதவள், சொன்ன பேச்சு கேட்காதவள். ஆக, நாம் பயப்படுவது பெரும்பாலும் பணம் போவதற்கு இல்லை, பிறகு எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்பதற்குத்தான்.

இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், இரண்டுக்கும் மருந்து வேறு. பணப் பயத்தைக் கணக்கும் காப்பீடும் குறைக்கும். பதில் பயத்தை எந்தக் கணக்கும் குறைக்காது. அதற்கு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ரெண்டையும் போட்டுக் குழப்பினால் வங்கியில் பணம் கேட்கும் இடத்தில் மாமியார் முகம் வந்து நிற்கும்.

இரண்டாம் படி: தாங்கும் தொகையைக் குறியுங்கள்

இடது பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் காரியம் முழுக்கப் போய்விட்டாலும் எவ்வளவு வரை உங்களால் எழுந்து நிற்க முடியும்? பிள்ளைகள் படிப்புக்கு வைத்தது, வீட்டுப் பத்திரம், ஆறு மாத வீட்டுச் செலவு, மருந்துச் செலவு இவற்றைத் தொடாமல் ஒரு தொகை எழுதுங்கள். அதுதான் தாங்கும் தொகை. பத்தாயிரமோ ரெண்டு லட்சமோ, உங்கள் கணக்கு உங்களுக்கு. கூடவே ஒரு தேதியும் போடுங்கள்: எந்த மாதம் வரை பார்ப்பேன் என்று. தொகையையோ தேதியையோ தொட்டால் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்தால்தான் அதற்கு உட்பட்டு முழு வேகத்தில் போகத் துணிவு வரும்.

இங்கே நகையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பெண்கள் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் கடலூரில் எந்த அடகுக்கடை வாசலிலும் அரை மணி நேரம் நின்று பார்க்கட்டும். கணவர் லாரி வாங்க, அண்ணன் வெளிநாடு போக, மச்சினர் கடை வைக்க, வளையலைக் கழற்றிக் கொடுப்பது யார்? எந்தக் கேள்வியும் கேட்காமல், எழுத்து எதுவும் வாங்காமல், திரும்ப வருமா என்று தெரியாமல் கொடுக்கிறோம். அதைவிடப் பெரிய ரிஸ்க் உண்டா? சுதந்திரப் போராட்டத்துக்காகச் சொந்தச் சொத்தையே விற்றுக் கொடுத்து, ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சென்னையில் நடந்த போராட்டத்தில் சிறைக்கும் போன அஞ்சலை அம்மாள் நம் கடலூர் முதுநகர்க்காரர்தான். துணிச்சல் நமக்கு எப்போதும் இருந்திருக்கிறது. மற்றவர்களுக்காக என்றால் தயங்காமல் வரும் அது, நமக்காக என்றால் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

சட்டப்படி சீதனமாக வந்த நகை உங்களுடையது. கணவருக்கும் அவர் வீட்டுக்கும் அதில் உரிமை இல்லை. அதேபோல, தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. இதைச் சொல்வது நாளைக்கே அண்ணன்மீது வழக்குப் போடுவதற்கு இல்லை. உங்கள் கையிலிருக்கும் முதல் என்ன என்று எண்ணும்போது, உங்களுடையதை உங்களுடையது என்று எண்ணுங்கள். சிறுவாட்டுப் பணமும் அப்படித்தான். அரிசிப் பானைக்குள் இருக்கும்வரை அது வீட்டுப் பணம்போல் கரைந்துகொண்டே இருக்கும். உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கிப் போட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: சின்னதாகச் சோதியுங்கள், ஆனால் தெரியாதவர்களிடம்

முதலில் சொந்தக்காரர்களிடம் விற்காதீர்கள். "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டு அரை விலைக்குக் கேட்பார்கள். முகம் தெரியாத ஆள் முழு விலை கொடுத்து வாங்கி, மறுபடியும் வந்தால்தான் சரக்குக்கு மதிப்பு. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடும் கூட்டம், மகளிர் குழுக்களுக்கு அரசு நடத்தும் கண்காட்சிகள், புதுச்சேரியில் ஞாயிறு சந்தை என்று இந்தப் பக்கம் இடத்துக்குக் குறைவில்லை. ரெண்டு மாதம் செய்து பாருங்கள். விற்றது, மிஞ்சியது, திரும்பி வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்றை மட்டும் எழுதி வையுங்கள்.

வேலை தெரியாவிட்டால் மாவட்டந்தோறும் இருக்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம்.

நான்காம் படி: விலையில் உங்கள் கூலியைச் சேருங்கள்

நான் அதிகம் ஏமாந்தது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எண்களை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள், முந்திரி விலை மாறிக்கொண்டே இருக்கும்.

ஒரு கிலோ மிளகு முந்திரிக்குப் பருப்பு 850 ரூபாய். நெய், மிளகு, உப்பு 60. கால் கிலோ கவர் நாலு, லேபிளோடு 32. கேஸ், கரண்ட் 18. வண்டிச் செலவு 20. கூட்டினால் 980. நான் ஒரு பாக்கெட் 260 என்று விற்றேன். கிலோவுக்கு 1,040. அறுபது ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஒருநாள் என் மகள் கேட்டாள்: "அம்மா, நீ உட்கார்ந்து வறுக்கறியே, அதுக்குக் காசு எங்க?" நாள் முழுக்க உட்கார்ந்தால் பத்து கிலோ முடியும். வேறு ஒருவரை வைத்தால் 500 ரூபாய் கூலி கொடுத்திருப்பேன். ஆக, கிலோவுக்கு 50. அப்புறம், மழைக்காலத்தில் நமத்துப்போய்த் திரும்பி வருவது, உடைந்து போவது என்று கிலோவுக்கு 20. அறுபதில் எழுபதைக் கழித்தால்? கிலோவுக்குப் பத்து ரூபாய் என் கையிலிருந்து போட்டு ஊருக்கு முந்திரி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதனால் நம் கை செய்யும் எந்த வேலைக்கும் விலை உண்டு என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. விலையை 300 ஆக்கினேன். கிலோவுக்கு 1,200. எல்லாம் போக 150 நின்றது. பத்துக் கடைகளில் மூன்று கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். அன்று இரவு தூக்கம் வரவில்லை, உண்மைதான். ஆனால் ஏழு கடையில் சம்பாதித்தது, பத்துக் கடையில் இழந்ததோடு ஒப்பிட முடியாத அளவுக்கு இருந்தது.

விலை சொல்லும்போது ஒன்றைப் பழகுங்கள். விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். "முந்நூறுங்க... பார்த்துக் குடுங்க, உங்களுக்காக வேணா..." என்று நாமே இறங்குவதுதான் வழக்கம். "முந்நூறுங்க." அவ்வளவுதான். அவர் யோசிக்கட்டும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தாவது பழகுங்கள்.

ஐந்தாம் படி: எல்லாம் உங்கள் பெயரில்

கடை சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை யார் கணக்குக்குப் போகிறது? பல பெண்களின் கடையில் கணவர் கணக்குக்குத்தான் போகிறது. பத்து வருடம் உழைத்த பிறகு வங்கிக்குப் போனால் "உங்க பேர்ல வரவே இல்லையேம்மா" என்பார்கள். இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. வங்கி காகிதத்தை மட்டும்தான் பார்க்கும்.

தொழிலுக்கென்று தனிக் கணக்கு, அதோடு இணைந்த கியூஆர், உங்கள் பேரில் பில் புக். அடுத்தது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையில்லை. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இல்லாமல் பாக்கெட் வெளியே போகக் கூடாது. பாக்கெட்டின் மேல் எடை, தயாரித்த தேதி, அதிகபட்ச விலை, உங்கள் முகவரி, தொடர்பு எண் இருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு வருடம் 40 லட்சம் விற்பனை வரை பதிவு தேவையில்லை. புதுச்சேரியில் அது 20 லட்சம். பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் ஊர் என்று நினைத்து, கடலூரில் செய்த சரக்கைப் புதுச்சேரிக் கடைக்கு அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. வரிக்கு உட்பட்ட பொருளாக இருந்தால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. பெரிய ஆர்டர் புதுச்சேரியிலிருந்து வந்தால் பயந்து விட்டுவிடாதீர்கள். கணக்குப் பார்ப்பவர் ஒருவரைப் பிடித்துப் பதிவு செய்துவிட்டு அனுப்புங்கள்.

ஆறாம் படி: கடன் கேட்கும்போது தேவையான தொகையைக் கேளுங்கள்

குழுக்கடன் நம்மில் பலருக்கு முதல் படிக்கட்டு. தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுக்கள் இல்லையென்றால் பல பெண்கள் வங்கி வாசலையே மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் குழுக்கடன் ஓர் எல்லைக்கு மேல் போகாது. பத்துப் பேரில் ஒருத்தி மட்டும் பெரிதாக வளர அங்கே வழி குறைவு. ஒரு கட்டத்தில் தனிக்கடனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

முத்ரா என்பது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். அதில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். பிணையம் தேவையில்லை. பொதுவாகவே குறு, சிறு தொழில் கடனில் குறைந்தது 10 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டம் போடலாம். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறோம். கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம்தான். மானியம் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம். குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு கிராமத்தில் 10 லட்சத்துக்குத் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கு 50,000. மானியம் மூன்றரை லட்சம். அந்த மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நின்று, பிறகு கடனில் கழியும். புதிய தொழிலுக்கு மட்டும்தான் இது கிடைக்கும். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்தித் திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். மாநில அரசின் நீட்ஸ் திட்டம் இன்னும் பெரிய முதலீட்டுக்கு. இவை எல்லாவற்றுக்கும் வாசல் மாவட்டத் தொழில் மையம். புதுச்சேரிக்காரர்களுக்குத் தட்டாஞ்சாவடியில் அவர்களுடைய மையம் இருக்கிறது. திட்ட விதிகள் அவ்வப்போது மாறும். அதனால் போகிற அன்று நடப்பில் இருப்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கிக்குப் போகும் முன், வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் உங்கள் கடன் மதிப்பெண்ணைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். 300 முதல் 900 வரை இருக்கும். எல்லாக் கடனும் கணவர் பெயரிலேயே இருந்தால் உங்களுக்கு மதிப்பெண்ணே இருக்காது. அப்படியென்றால் சின்ன நகைக்கடனோ சிசு கடனோ உங்கள் பெயரில் வாங்கி ஒழுங்காகக் கட்டி, ஒரு வரலாற்றை உண்டாக்குங்கள். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவர் கட்டாமல் விட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் தெரியும். தோழி கேட்டாள், மறுக்க முடியவில்லை என்று போட்ட கையெழுத்து நம் கழுத்தைப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதல்முறை நான் கடனுக்குப் போனபோது "சாரைக் கூட்டிட்டு வாங்கம்மா, பேசலாம்" என்றார் ஓர் அதிகாரி. சரி என்று திரும்பி வந்துவிட்டேன். இப்போதென்றால் எழுந்திருக்க மாட்டேன். "தொழில் என்னோடது சார், கேள்வியை என்கிட்டயே கேளுங்க. இணைக் கையெழுத்து வேணும்னா எந்த விதிப்படின்னு எழுதிக் குடுங்க" என்பேன். குரலை உயர்த்த வேண்டாம். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவும் நடக்கவில்லையென்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் செலவில்லாமல் புகார் செய்யலாம்.

செக்கு வைத்த பெண்ணை இரண்டாம் முறை அனுப்பும்போது ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்: இயந்திரம் இருக்கிறது, எள் வாங்க ரெண்டே முக்கால் வேண்டும், மாதம் இத்தனை லிட்டர், இத்தனை ரூபாய், தவணை இவ்வளவு. வாய் பின்வாங்கினால் தாளை நீட்டிவிடு என்றேன். தாளைத்தான் நீட்டினாளாம். கிடைத்தது.

ஏழாம் படி: வீட்டில் பேசுவது

நோட்டின் வலது பக்கத்துக்கு வருவோம். நாம் பெரும்பாலும் ரெண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஒன்று, "செய்யட்டுமாங்க?" என்று அனுமதி கேட்கிறோம். அல்லது ஒளித்துச் செய்கிறோம். அனுமதி கேட்டால் "வேண்டாம்" என்பது சுலபமான பதில். ஒளித்தால், தெரியவரும் அன்று தொழிலைவிட ஒளித்தது பெரிய குற்றமாகிவிடும்.

மூன்றாவது வழி தெரிவிப்பது. சாப்பாடு முடிந்து எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரத்தில், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "பெரிய கடாயும் பேக்கிங் மிஷினும் வாங்கப் போறேன். மோசமாப் போனா எழுபத்தஞ்சாயிரம் போகும். அது என் கணக்குல இருக்கு. வீட்டுச் செலவுல கை வைக்க மாட்டேன். மார்ச் வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா நிறுத்திடுவேன்." தொகை, எங்கிருந்து, எதுவரை. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் "ஏதோ பண்றா, என்ன ஆகுமோ" என்ற பயம் வீட்டிலும் குறைகிறது. நஷ்டம் வந்தாலும் அது ஏற்கெனவே சொன்ன நஷ்டம். பதிலைச் சொல்லி முடித்தாகிவிட்டது.

கணவர்மார்கள் பலர் எதிரிகள் இல்லை. அவர்களையும் யாரோ கேட்கிறார்கள்: "என்னப்பா, வீட்டம்மா சம்பாத்தியத்துலயா?" அவர்களுக்கும் ஒரு பதில் தேவைப்படுகிறது. ஆனால் பேச்சு அடியில் முடியும் வீடு என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 181 என்ற மகளிர் உதவி எண் எந்த நேரமும் எடுக்கும்.

இன்னொன்று. தொழில் வளரும்போது வீட்டு வேலை அப்படியே இருந்தால் நீங்கள்தான் உடைவீர்கள். வரும் முதல் லாபத்தில் பாத்திரம் துலக்க ஆள் வையுங்கள், மாவு வெளியில் வாங்குங்கள். குற்றவுணர்ச்சி வரும். எனக்கும் வந்தது, மூன்று மாதத்தில் போய்விட்டது.

எட்டாம் படி: பாக்கியைக் கேளுங்கள்

புதுச்சேரியில் ஓர் இனிப்புக் கடைக்கு 68,000 ரூபாய்க்குச் சரக்குக் கொடுத்துவிட்டு ஐந்து மாதம் கேட்காமல் இருந்தேன். போன் செய்வேன், நலம் விசாரிப்பேன், வைத்துவிடுவேன். பணத்துக்கு அலைகிறவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்த ஐந்து மாதமும் பண்ருட்டி வியாபாரிக்கு நான் கைமாற்று வாங்கிக் கட்டினேன். வட்டியோடு.

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் 2006-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணம் நிறுத்தக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கி விற்கும் வியாபாரம் மட்டும் செய்பவர்களுக்கு இது பொருந்தாது. இப்போது என் பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் '45 நாட்கள்' என்பதையும் அச்சடித்திருக்கிறேன். நாற்பதாம் நாள் வாட்ஸ்அப்பில் பில் படம் போகும், நலம் விசாரிப்பு இல்லாமல். இதுவரை புகார் வரை போக வேண்டி வந்ததில்லை.

ஒன்பதாம் படி: ஐப்பசி வருவதற்குள் காப்பீடு

கடலூரில் தொழில் செய்பவர் வானத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலும் அதன்பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். தானே அன்று பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2015-ல் என் பருப்பு மூட்டைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன. காப்பீடு இல்லை. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

குறுந்தொழில்களுக்கென்றே பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற காப்பீடு இருக்கிறது. தீயோடு புயல், வெள்ளத்தையும் சேர்த்துக் கட்டடம், இயந்திரம், சரக்குக்கு எடுக்கலாம். தீபாவளிக்குச் சரக்கு ஏற்றும் முன், சரக்கின் முழு மதிப்புக்கு எடுங்கள். பிரீமியம் மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போட்டால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையலாம். சரக்கை வாரம் ஒருமுறை கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள்.

பத்தாம் படி: நிறுத்துவதற்கும் ஒழுங்கு உண்டு

குறித்த தேதி வந்தாலோ, தொகையைத் தொட்டுவிட்டாலோ நிறுத்துங்கள். "இன்னும் ஒரே ஒரு மாசம்" என்பது பெரும்பாலும் பதில் பயம் மறுபடி பேசுவதுதான். கடனை மறுபடி பேசித் தவணையை மாற்றி அடைத்துவிடுங்கள். அதுதான் அடுத்த கடனுக்கு உங்கள் சிபாரிசு. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தானபின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். அப்படியே விட்டால் அபராதம் ஏறும்.

நான் 2019-ல் முந்திரிப் பழத்தில் ஜாம் போட்டுப் பார்த்தேன். நம் பக்கம் கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை வீசிவிடுகிறார்களே என்ற ஆதங்கம். தாங்கும் தொகை 50,000, தேதி மே கடைசி. பறித்த பழம் ஒரு நாளில் கெட்டுவிடுகிறது. தோப்பிலிருந்து கொண்டுவருவதற்குள் பாதி போனது. தொண்டையைப் பிடிக்கும் கரகரப்பையும் முழுக்கப் போக்க முடியவில்லை. 42,000 ரூபாய் போயிருந்தபோது மே முப்பத்தொன்று வந்தது, நிறுத்திவிட்டேன்.

தெருவில் கேட்டார்கள். "என்னம்மா, ஜாம் என்னாச்சு?" "வரலைங்க, நாப்பத்திரண்டாயிரம் போச்சு" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஜாம் காய்ச்ச வாங்கிய பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள் ரெண்டும் இப்போது வறுத்த முந்திரியை ஆறவைக்கப் பயன்படுகின்றன.